ஹார்ஸ்லிப்ஸின் எண்கோண இசைத்தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் இசைத்தட்டு எது?

டப்ளின் நகரில் 1970-இல் உருவான ஹார்ஸ்லிப்ஸ் என்னும் ஐரிஷ் ராக் இசைக்குழு 1972-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட முதல் ஆல்பம் இது. பெயர் ‘ஹேப்பி டு மீட், சாரி டு பார்ட்’. சந்திப்பதில் மகிழ்ச்சி, பிரிவதில் வருத்தம் என்று பொருள்படும் இப்பெயர் குழுவினர் கற்பனை செய்ததன்று. ஐரிஷ் மரபு இசையில் ஏற்கெனவே வழங்கிவந்த நடன மெட்டு ஒன்றின் பெயர். ஆல்பத்தின் முதல் தடம் அந்தப் பெயரின் முன்பாதியையும், பதின்மூன்றாவதும் கடைசியுமான தடம் பின்பாதியையும் தாங்கி நிற்கின்றன. சேகரிப்பாளர்கள் இதைத் தேடி அலைவதற்கு இசை ஒரு காரணம்தான். இன்னொரு காரணம், இதன் உறை சதுரமாக இல்லாமல் எண்கோணமாக இருப்பது.

உறை ஏன் எண்கோணமாக இருக்கிறது?

கான்செர்டினா என்ற வாத்தியத்தின் வடிவத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். ஆர்மோனியத்தின் தூரத்து உறவினன் என்று கான்செர்டினாவைச் சொல்லலாம். இரண்டு கைகளுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி, இரு முனைகளிலும் பொத்தான்கள் பதித்த பலகைகள், உள்ளே காற்று பட்டதும் அதிரும் உலோக நாக்குகள். அந்தப் பலகை பெரும்பாலும் அறுகோணமாகவோ எண்கோணமாகவோ இருக்கும். குழுவில் பிடிலும் மாண்டலினும் வாசித்த சார்ல்ஸ் ஓ'கானர் கான்செர்டினாவும் வாசிப்பவர் என்பதால், உறையில் இருப்பது வெறும் அலங்காரப் படம் அல்ல. தட்டுக்குள் ஒலிக்கும் வாத்தியமேதான். உண்மையான எண்கோணக் கான்செர்டினா ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு, அட்டையை அச்சில் வெட்டி, மடித்துத் திறக்கும்படி அமைத்தார்கள். கையில் எடுத்துத் திறக்கும்போது துருத்தியை இழுப்பது போன்ற உணர்வு வர வேண்டும் என்பதே நோக்கம்.

பன்னிரண்டு அங்குலத் தட்டு வட்டமானது என்பதால், சதுர அட்டையின் நான்கு மூலைகளையும் வெட்டி எறிந்தாலும் உள்ளே இருக்கும் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. சதுர உறையின் மூலைகள் உண்மையில் காலியான இடம்தான். இவ்வளவு எளிய கணக்கை ஏன் எல்லோரும் பயன்படுத்தவில்லை என்று தோன்றலாம். செலவுதான் பதில். வெட்டச்சு, கூடுதல் அட்டை, கையால் மடித்து ஒட்டும் வேலை எல்லாம் சேரும்போது, ஒரு புதிய குழுவின் முதல் தட்டுக்கு எந்த நிறுவனத்துக் கணக்கரும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். ஹார்ஸ்லிப்ஸுக்கு அப்படிப்பட்ட கணக்கர் யாரும் மேலே இல்லை என்பதுதான் விஷயம்.

அப்படியானால் தட்டை வெளியிட்டது யார்?

அவர்களேதான். ‘ஓட்ஸ்’ என்ற பெயரில் சொந்த வெளியீட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, 1972-இல் ‘ஜானி'ஸ் வெட்டிங்’ என்ற சிறுதட்டை முதலில் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு இன்னொரு சிறுதட்டு, அதற்கும் பிறகு இந்த ஆல்பம். வரிசை எண்களிலும் குறும்பு உண்டு. எம், ஓ, ஓ என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘மூ’ என்று வரும். நம் மாடு ‘அம்மா’ என்று கத்துவதைப் போல ஆங்கில மாடு அப்படித்தான் கத்தும். இந்த ஆல்பத்தின் எண் ‘மூ 3’.

அக்காலத்தில் அயர்லாந்தில் பெயர் எடுத்த ராக் கலைஞர் எவரும் அடுத்த கப்பலில் லண்டனுக்குப் போய்விடுவார். ஒப்பந்தம், ஒலிப்பதிவுக்கூடம், பத்திரிகை, வானொலி எல்லாம் அங்கேதான் இருந்தன. ஹார்ஸ்லிப்ஸ் போகவில்லை. இருப்பிடத்தை அயர்லாந்திலேயே வைத்துக்கொண்டு, பதிவின் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, வெளிநாட்டு விற்பனைக்கு மட்டும் ஆர்சிஏ, ஆட்கோ, டிஜேஎம் முதலிய நிறுவனங்களுக்கு உரிமம் அளித்தார்கள். உறைகளை அவர்களே வடிவமைத்தார்கள், உறைக்குறிப்புகளை அவர்களே எழுதினார்கள். பின்னாளில் தனி இசை வெளியீடு என்று பெருமையாகப் பேசப்பட்ட முறையை, அதற்கு அப்படி ஒரு பெயர் பரவலாவதற்கு முன்பே செய்துவிட்டார்கள். என் பார்வையில் எண்கோண உறையின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது: அது அழகான அட்டை மட்டுமல்ல, யாருடைய அனுமதியையும் கேட்கத் தேவையில்லாத ஐந்து பேர் செய்த அட்டை.

அந்த ஐவர் யார்?

பாஸ் கிதாரும் பாட்டும் பேரி டெவ்லின். விசைப்பலகையும் புல்லாங்குழலும் ஜிம் லாக்ஹார்ட். தாளம் ஈமன் கார். பிடில், மாண்டலின், கான்செர்டினா சார்ல்ஸ் ஓ'கானர். மின்கிதார் ஜானி ஃபீன். இவர்களில் ஓ'கானர் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் பிறந்தவர். டெவ்லின், கார், ஓ'கானர் மூவரும் டப்ளினில் ஆர்க்ஸ் என்ற விளம்பர நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். ஹார்ப் பியருக்கான விளம்பரப் படம் ஒன்றில் இசைக்குழுவாக நடிக்க ஆட்கள் தேவைப்பட, அவர்களே நடித்தார்கள். விசைப்பலகைக்கு ஆள் இல்லாததால் லாக்ஹார்ட்டைக் கூட்டிவந்தார்கள். நடிப்புக்காகக் கூடியவர்கள் பிறகு கலையவே இல்லை. விளம்பரத் தொழிலில் பழகிய கண்ணும் கையும்தான் பின்னர் அந்த உறைகளில் தெரிகின்றன என்று நான் நினைக்கிறேன்.

கிதார் இடத்தில் மட்டும் தொடக்கத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. டெக்லன் சின்னட் இருந்தார், அடுத்து கஸ் கெஸ்ட் வந்தார், பிறகு ஃபீன் சேர்ந்தார். ஃபீன் வந்த பின் 1980-இல் பிரியும்வரை இந்த ஐவர் அணி மாறவில்லை.

பெயருக்கு என்ன பொருள்?

ஒன்றும் இல்லை. விவிலியத்தின் கடைசி நூலில் உலக முடிவை அறிவித்து வரும் நான்கு குதிரைவீரர்களை ஆங்கிலத்தில் ‘ஃபோர் ஹார்ஸ்மென் ஆஃப் தி அபோகலிப்ஸ்’ என்பார்கள். அதை நாக்குப் பிறழ்ந்தது போல மாற்றி, ‘ஃபோர் பாக்ஸ்மென் ஆஃப் தி ஹார்ஸ்லிப்ஸ்’ என்று கேலி செய்ததில் கடைசிச் சொல் மட்டும் தங்கிவிட்டது.

தட்டு எங்கே பதிவு செய்யப்பட்டது?

டிப்பரரி மாவட்டத்தில் உள்ள லாங்ஃபீல்டு மாளிகையில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து முழுவதும் குதிரை வண்டிப் போக்குவரத்தை நடத்திய சார்ல்ஸ் பியான்கோனி வாழ்ந்த வீடு அது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான, லாரிக்குள் அமைந்த நடமாடும் ஒலிப்பதிவுக்கூடத்தை அங்கே வரவழைத்து, மாளிகை அறைகளில் அமர்ந்து வாசித்தார்கள். தயாரிப்பாளர் ஆலன் ஓ'டஃபி. கூடத்தைத் தேடிக் கடல் தாண்டிப் போவதற்குப் பதிலாகக் கூடத்தையே கடல் தாண்டி வரச்செய்தது இந்தக் குழுவின் போக்குக்கு மிகப் பொருத்தமானது.

இசை எப்படி இருக்கும்? ராக் மட்டும் கேட்டுப் பழகியவருக்குப் பிடிக்குமா?

பழைய மெட்டுகளும் மின்கிதாரும் ஒரே அறையில் இருக்கின்றன; சில தடங்களில் கைகுலுக்குகின்றன, சில தடங்களில் அவரவர் மூலையில் அமர்ந்திருக்கின்றன. ‘தி கிளர்ஜி'ஸ் லமென்டேஷன்’ பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை வாழ்ந்த கண்பார்வையற்ற யாழிசைக் கலைஞர் டர்லக் ஓ'கேரலனின் மெட்டு. ‘பீம் இஸ்டீக் எக் ஓல்’ குடிப்பதைப் பற்றிய ஐரிஷ் மொழிப் பாட்டு. ‘ஃபர்னிச்சர்’ குழுவின் சொந்தப் பாடல். மேடையில் பல ஆண்டுகள் நிலைத்தது.

இதற்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் 1959-இல் ‘மிஷே ஏரா’ என்ற ஆவணப் படத்துக்காக ஐரிஷ் மரபுப் பாடல்களை முழு வாத்தியக் குழுவுக்கு எழுதி, கிராமத்து இசை என்று ஒதுக்கப்பட்டதைத் தலைநிமிரச் செய்தார். 1971-இல், நாற்பது வயதில், அவர் இறந்தார். லாக்ஹார்ட்டிடம் அவருடைய தாக்கம் ஆழமானது. அரங்கில் அமர்ந்து கேட்க ஓ ரியாடா செய்ததை, நடன மண்டபத்தில் நின்று ஆட ஹார்ஸ்லிப்ஸ் செய்தது என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும். பளபளக்கும் சாட்டின் உடையும் உயரமான குதிகால் காலணியும் அணிந்து, பிரபலமான பாட்டுகளை நடனத்துக்காக வாசிக்கும் ஷோபேண்டு என்ற குழுக்கள் ஆண்ட ஊர் மண்டபங்களில் அவர்கள் வாசித்தார்கள். தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள்; கூட்டம் குறையவில்லை. அயர்லாந்தில் அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் எந்த ஆல்பமும் இவ்வளவு விரைவாக விற்றதில்லை என்று இந்த முதல் தட்டைப் பற்றிப் பேசப்பட்டது.

குழுவின் சிறந்த படைப்பும் இதுதானா?

இல்லை. சேகரிப்பாளர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். கையில் பிடித்துப் பார்க்க இதைவிடச் சிறந்தது அவர்களிடம் இல்லை. காதால் கேட்கச் சிறந்தவை பிறகுதான் வந்தன.

1973-இல் வந்த ‘தி டாய்ன்’ ஐரிஷ் வீரகாவியமான ‘டாய்ன் போ கூலி’யை அடிப்படையாகக் கொண்டது. ஆநிரை கவர்தலைச் சொல்லும் காவியம் அது; வெட்சித் திணை படித்த நமக்கு அந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. கூலி ஊரின் பழுப்புக் காளையைக் கவர அரசி மேவ் படையெடுக்கிறாள், அவளைத் தனியாளாக நின்று தடுக்கிறான் இளைஞன் குகுலின். மாடு பிடிக்கும் கதையை ‘மூ’ என்ற வரிசையிலேயே வெளியிட்டிருக்கிறார்கள் என்பதை எண்ணி நான் பலமுறை சிரித்திருக்கிறேன். அதில் உள்ள ‘ஜாரக் டூம்’ பாடலின் கிதார் வரி, ‘ஓ'நீலின் குதிரைப்படை’ என்ற பழைய அணிவகுப்பு மெட்டிலிருந்து எடுத்தது. முதல் ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற மரபும் ராக்கும் இங்கே ஒரே உடலாகிவிடுகின்றன. மெட்டு எங்கே முடிகிறது, கிதார் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. 1990-இல் அயர்லாந்து முதன்முறையாக உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றபோது, யு2 குழுவின் லாரி மல்லன் தயாரித்த ஆதரவுப் பாடலில் இதே கிதார் வரி மறுபடி ஒலித்தது. ஹார்ஸ்லிப்ஸ் என்ற பெயரையே கேட்டிராத ஒரு தலைமுறைக்கு அந்த வரி மனப்பாடம்.

1976-இன் ‘தி புக் ஆஃப் இன்வேஷன்ஸ்’ அதற்கும் ஒரு படி மேல் என்பது என் கணிப்பு. அயர்லாந்தில் அடுத்தடுத்து வந்து குடியேறிய இனங்களைப் பற்றிய இடைக்காலத் தொன்ம நூலை எடுத்துக்கொண்டு, மகிழ்ச்சி, துயரம், உறக்கம் என்று ஐரிஷ் மரபு வகுத்த மூன்று இசை நிலைகளின்படி மூன்று பகுதிகளாக அமைத்தார்கள். பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் அது நுழைந்தது.

இவ்விரண்டுக்கும் இடையில் வந்தவற்றில் 1975-இன் ‘டிரைவ் தி கோல்ட் வின்டர் அவே’ மின்சாரமில்லா வாத்தியங்களால் ஆன குளிர்காலத் தட்டு, அமைதியானது, அழகானது. அதே ஆண்டின் மற்றொரு ஆல்பத்தை முழுத்தொகுப்பு வேண்டும் என்பவர்கள் மட்டும் வாங்கினால் போதும்.

அமெரிக்காவில் வெற்றி பெற்றார்களா?

முயன்றார்கள். 1977-இன் ‘ஏலியன்ஸ்’, 1978-இன் ‘தி மேன் ஹூ பில்ட் அமெரிக்கா’ இரண்டுமே கடல் கடந்து போன ஐரிஷ் மக்களைப் பற்றியவை. பின்னதைத் தயாரித்தவர் அமெரிக்கரான ஸ்டீவ் கட்ஸ். ஒலி வானொலிக்கு ஏற்றவாறு கனத்தது, பிடிலும் கான்செர்டினாவும் பின்னுக்குப் போயின. மரியாதை கிடைத்தது, பெரும் விற்பனை கிடைக்கவில்லை.

ஏன் பிரிந்தார்கள்?

பத்தாண்டுகள் ஓயாமல் ஊர் ஊராக வாசித்த களைப்பு முதல் காரணம். 1979-இன் ‘ஷார்ட் ஸ்டோரீஸ், டால் டேல்ஸ்’ வந்தபோது இசையின் திசையும் கேட்பவர்களின் சுவையும் மாறியிருந்தன. 1980 அக்டோபர் 12 அன்று பெல்ஃபாஸ்ட் நகரின் அல்ஸ்டர் மண்டபத்தில் கடைசி நிகழ்ச்சி நடந்தது. ‘தி லாஸ்ட் டைம்’ என்ற ரோலிங் ஸ்டோன்ஸ் பாடலை வாசித்து முடித்ததும், ஓ'கானர் சிதைந்துபோன தம் பிடிலைக் கூட்டத்தை நோக்கி வீசினார். பிரிவு பற்றிய அறிவிப்போ உரையோ இல்லை.

கடைசி நிகழ்ச்சிக்கு பெல்ஃபாஸ்ட் அமைந்தது பொருத்தம். வட அயர்லாந்தின் வன்முறைக் காலத்தில், அதிலும் 1975 ஜூலையில் மயாமி ஷோபேண்ட் கலைஞர்கள் நெடுஞ்சாலையில் கொல்லப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து பல குழுக்கள் எல்லை தாண்டத் தயங்கின. ஹார்ஸ்லிப்ஸ் தொடர்ந்து போனது. அங்குள்ள இளைஞர்கள் அதை மறக்கவில்லை.

பின்னர் என்ன ஆனார்கள்?

டெவ்லின் திரைக்கதை எழுத்தாளராகவும் இயக்குநராகவும் ஆனார். யு2 குழுவின் தொடக்க காலப் பதிவு ஒன்றையும் சில காணொளிகளையும் செய்தவர் அவரே. லாக்ஹார்ட் அயர்லாந்து வானொலிக்குப் போனார், கார் பத்திரிகையாளரானார், ஓ'கானர் இங்கிலாந்தின் விட்பியில் பழம்பொருள் வணிகம் செய்தார், ஃபீன் கிதாரை விடவில்லை. 2004-இல் தம் பழைய பாடல்களை மின்சாரமில்லாமல் மீண்டும் பதிவு செய்தார்கள். 2009 டிசம்பரில் பெல்ஃபாஸ்டிலும் டப்ளினிலும் பெரிய அரங்குகளில் வாசித்தார்கள். ஜானி ஃபீன் 2023 ஏப்ரலில் காலமானார்.

இடையில் வந்த மறுபதிப்புகளை நம்பலாமா?

கவனமாக வாங்க வேண்டும். குழு பிரிந்த பின் பதிவுகளின் உரிமை கைமாறிப்போய், பல ஆண்டுகள் இசைக்கலைஞர்களின் மேற்பார்வை இல்லாமலே தட்டுகளும் குறுந்தகடுகளும் வந்தன. பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு 1999-இல் முடிவுக்கு வந்தது. பதிவுகளின் உரிமையாளர்கள் ஹார்ஸ்லிப்ஸ் குழுவினரே என்று ஏற்கப்பட்டது. அதற்குப் பின் வந்தவற்றில் அவர்களுடைய அக்கறை தெரிகிறது. கேட்பதற்கு மட்டும் வேண்டும் என்றால் 1999-க்குப் பிந்தையவற்றை வாங்குங்கள்; பொருளாகச் சேர்க்க வேண்டும் என்றால் 1972-இன் ஓட்ஸ் பதிப்பு. நடுவில் உள்ளவற்றுக்கு அதிக விலை கொடுக்க நான் காரணம் காணவில்லை.

முதல் பதிப்பை எப்படி அடையாளம் காண்பது?

மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். தட்டின் நடுச்சீட்டில் ஓட்ஸ் பெயரும் ‘மூ 3’ எண்ணும் இருக்க வேண்டும். உறை வெட்டப்பட்ட எண்கோணமாக இருக்க வேண்டும். சதுர அட்டையில் எண்கோணப் படம் அச்சிட்டது வேறு. மூன்றாவதாக, கடைசிப் பாடலின் தடம் முடிந்து நடுச்சீட்டு தொடங்கும் முன் உள்ள மழமழப்பான வளையத்தில் கீறப்பட்டிருக்கும் எழுத்துகளை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படித்து, நம்பகமான பட்டியல்களுடன் ஒப்பிடுங்கள். விற்பவரிடம் முன்பக்கப் படம் மட்டும் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். நல்ல தட்டை வேறு உறையில் நுழைத்து விற்பதும், நல்ல உறைக்குள் தேய்ந்த தட்டை வைத்து விற்பதும் இந்த வணிகத்தில் புதிதல்ல.

தரக்குறியீடுகளை எப்படிப் புரிந்துகொள்வது?

பழைய தட்டு வணிகத்தில் ‘குட்’ என்றால் நன்று என்று நினைத்து ஏமாறாதவர் அரிது. மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட் என்று இறங்கி வரும் வரிசையில் ‘குட்’ ஏறத்தாழ அடித்தட்டு. ஓடும், ஆனால் அடுப்பில் கடுகு வெடிப்பது போலச் சத்தம் கூடவே வரும். தட்டுக்கும் உறைக்கும் தனித்தனிக் குறியீடு கேளுங்கள். இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உறைதான்.

உறையில் எங்கே சேதம் பார்க்க வேண்டும்? எப்படிப் பாதுகாப்பது?

முதலில் மடிப்பு. சதுர உறையின் மடிப்பு ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் நீளம். அதே அகலமுள்ள ஒழுங்கான எண்கோணத்தில் ஒரு பக்கம் 13 சென்டிமீட்டர்தான். திறக்கும் ஒவ்வொரு முறையும் முழு உறையின் இழுப்பையும் அந்தச் சிறிய மடிப்பு தாங்குகிறது. வெள்ளைக் கோடாகத் தொடங்கும், பிறகு முனையில் பிளக்கும். என்னிடம் உள்ள படியில் முந்தைய உரிமையாளர் ஒருவர் ஒட்டிய செலோடேப் பழுப்பேறி, பசை அட்டைக்குள் ஊறிவிட்டது; எடுத்தால் அச்சும் சேர்ந்து வரும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். பிளந்திருந்தால் பிளந்தபடியே இருக்கட்டும், செலோடேப் மட்டும் வேண்டாம்.

அடுத்தது, அலமாரியில் நிற்கும் விதம். சதுர உறை தன் முழு அடிப்பக்கத்தில் நிற்கும். எண்கோண உறை அந்த 13 சென்டிமீட்டரில் மட்டும் நிற்கும். தட்டின் எடை முழுவதும் அங்கே இறங்கி அட்டை நசுங்குவதோடு, கொஞ்சம் இடம் கிடைத்தால் சக்கரம் போல உருளவும் பார்க்கும். ஆகவே தட்டை உறைக்கு வெளியே எடுத்து, அமிலமற்ற தாளுறையில் இட்டு, வெற்றுச் சதுர அட்டை ஒன்றில் தனியாக வையுங்கள். காலி உறையைத் தடித்த சதுர அட்டை ஒன்றின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒளிபுகும் வெளியுறைக்குள் போட்டு நிமிர்த்தி வைத்தால், எடை சதுர அட்டையில் இறங்கும். படுக்க வைத்து அடுக்க வேண்டாம். ஈரமான காற்றுள்ள ஊர்களில் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பூஞ்சை பார்ப்பது நல்லது.

இவ்வளவு பாதுகாத்த பிறகு தட்டை ஓட்டலாமா?

ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். கரிநார்த் தூரிகையால் தூசியைத் துடைத்து, முள்ளைச் சுத்தம் செய்து, அழுத்தத்தைச் சரியாக அமைத்திருந்தால், ஆண்டுக்குச் சில முறை ஓட்டுவதால் தட்டு தேய்ந்துவிடாது. முதல் முறை கேட்பவர் இரண்டாம் பக்கத்தில் ‘ஃபர்னிச்சர்’ பாடலிலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து நிறுத்தாமல் கடைசிவரை விட்டுவிடுங்கள். ‘சாரி டு பார்ட்’ மிகச் சிறிய வாத்தியத் துண்டு. எழுந்து போய் முள்ளைத் தூக்குவதற்குள் முடிந்துவிடும்.